தொட்டிக்குள் ஒரு மலைச்சிகரம்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றுக்கு நீங்கள் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில் ‘பாறைத் தோட்டச் செடிகள், மலைச்செடிகள் கண்காட்சி’ என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைகிறீர்கள். மலர்க் கண்காட்சி என்றதும் ஆளுயர ரோஜாக்களையும் தட்டளவு டேலியாக்களையும் எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீண்ட மேசைகளின்மேல் சுட்டமண் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் உள்ள செடி உங்கள் கட்டைவிரல் உயரங்கூட இல்லை.

சற்றுக் குனிந்து பாருங்கள். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு செடி. அதன்மேல் இலையே தெரியாதபடி மஞ்சள் பூக்கள் அப்பிக்கொண்டிருக்கின்றன. இதன் பெயர் டயோனிசியா. ஈரான், ஆப்கானிஸ்தான் நாட்டு மலைகளின் செங்குத்துப் பாறை வெடிப்புகளில் வளர்வது. உள்ளங்கை அகலத்துக்கு வளரவே பல ஆண்டுகள் ஆகும். வளர்த்தவரைக் கேட்டால், “இது குளிருக்கு அஞ்சாது. ஆனால் குளிர்காலத்தில் இலைகளுக்கு நடுவே நாலு சொட்டுத் தண்ணீர் தங்கிவிட்டால் அழுகிப் போய்விடும்” என்பார்.

வியப்பாக இல்லையா? மலையில் கடுங்குளிரையும் சூறைக்காற்றையும் தாங்கி நிற்கும் செடி, மிதமான தட்பவெப்பம் கொண்ட இங்கிலாந்துத் தோட்டத்தில் ஒரு மழைக்கு மடிந்துபோவானேன்? இதற்கான விடையில் பாதி தாவரவியலில் இருக்கிறது. மறுபாதி, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலில் இருக்கிறது. அந்த மறுபாதியைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கற்களைக் கொண்டு வந்தவர்கள்

முதலில் கொஞ்சம் வரலாறு. லண்டனில் உள்ள செல்சி மருந்துச்செடித் தோட்டத்தில் 1773ஆம் ஆண்டிலேயே பாறைத் தோட்டம் ஒன்று அமைத்தார்கள். லண்டன் கோபுரக் கோட்டையின் பழைய கற்களோடு, ஜோசப் பேங்ஸ் என்ற இயற்கை அறிஞர் ஐஸ்லாந்திலிருந்து கொண்டு வந்த எரிமலைக் கற்களும் அதில் அடுக்கப்பட்டன. அது இன்றும் இருக்கிறது. கியூ தாவரவியல் பூங்காவின் பாறைத் தோட்டம் 1882இல் உருவாயிற்று.

பாறைத் தோட்டக் கலையைப் பொதுமக்களிடையே பரப்பியவர் ரெஜினால்டு ஃபேரர் (1880–1920). இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே வாழ்ந்தவர். பலகாரத்தில் முந்திரிப்பருப்பு பதித்தாற்போல் மண்மேட்டில் கற்களைச் செருகி வைத்துவிட்டு அதைப் பாறைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்வோரை அவர் கேலி செய்தார். மலையில் பாறை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே தோட்டத்திலும் கிடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. புதிய செடிகளைத் தேடிச் சென்ற அவர் 1920இல் மேல் பர்மாவில் இறந்தார்.

1929இல் இங்கிலாந்தில் மலைச்செடித் தோட்டக் கழகமும், 1933இல் ஸ்காட்லாந்துப் பாறைத் தோட்டக் கழகமும் தோன்றின. இன்றும் இவ்விரண்டும் ஊர் ஊராகக் கண்காட்சிகள் நடத்துகின்றன. முதல் கழகத்தின் கண்காட்சியில் மிகச் சிறந்த செடிக்கு ஃபேரர் பெயரால் பதக்கம் தருகிறார்கள். ஸ்காட்லாந்துக் கழகமோ, சீனாவின் யுன்னான் மலைகளில் செடி தேடிய ஜார்ஜ் ஃபாரஸ்ட் பெயரால் தருகிறது. போட்டியில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் தோட்டக்கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வீட்டுக் கொல்லையில் ஆசைக்கு வளர்ப்பவர்கள்.

உச்சியில் என்ன நிலைமை?

மலையில் மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லையை மர எல்லை என்கிறோம். அதற்கும் மேலே வளரும் செடிகளே உண்மையான ஆல்ப்பைன் செடிகள். ஆல்ப்ஸ் மலையின் நடுப்பகுதியில் இந்த எல்லை ஏறத்தாழ 2,000 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மேலே போகப் போகக் காற்றின் வெப்பநிலை சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் குறைகிறது. கடல் மட்டத்தில் 25 டிகிரி என்றால், 3,000 மீட்டர் உயரத்தில் 5.5 டிகிரிதான். அங்கே காற்றழுத்தமும் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. காற்று மெலிந்திருப்பதால் பகலில் சூரிய ஒளி, குறிப்பாகப் புறஊதாக் கதிர், கடுமையாகத் தாக்குகிறது. இரவிலோ, தரையிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் நீராவி அங்கே குறைவு. ஆகவே தரை விரைவில் குளிர்ந்துவிடும். பகலில் வறுத்தெடுத்து இரவில் உறைய வைப்பது மலையின் வழக்கம். போதாக்குறைக்கு ஓயாத காற்று வேறு!

இத்தகைய இடத்திலும் உயிர் வாழ்கிறது. சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,505 மீட்டர் உயரத்தில், சாக்ஸிஃப்ராகா இனத்தைச் சேர்ந்த ஊதாப் பூச்செடி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பூக்கும் செடி காணப்பட்ட மிக உயர்ந்த இடம் அதுவே. சாக்ஸிஃப்ராகா என்ற லத்தீன் சொல்லுக்குக் ‘கல்லை உடைப்பது’ என்று பொருள்.

குட்டையாக இருப்பதன் நன்மை

ஆறிப்போகட்டும் என்று சூடான சோற்றை விசிறுகிறோம். விசிறி குளிர்ந்த காற்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை. சோற்றின்மேல் தங்கியிருக்கும் சூடான காற்றுப் படலத்தை அகற்றிவிடுகிறது, அவ்வளவுதான். விசிறாவிட்டால் அந்தப் படலம் போர்வை போல் மூடிக்கொண்டிருக்கும்.

காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும், தரையை ஒட்டிய இடத்தில் அதன் வேகம் மிகக் குறைவு. உராய்வினால் தரையைத் தொட்ட காற்று நின்றுவிடுகிறது. மேலே போகப் போக வேகம் கூடுகிறது. இந்த மந்தமான காற்றடுக்கை எல்லைப்படலம் என்பார்கள். மரம் இந்தப் படலத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அதன் இலைகள் ஏறத்தாழக் காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன. காற்று 5 டிகிரி என்றால் இலையும் அதை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரில் வளர்ச்சி நடப்பது அரிது. மர எல்லை உண்டாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திண்டு போல் அடர்ந்து தரையோடு படிந்த செடியின் நிலை வேறு. அதன் கிளைகள் ஒன்றோடொன்று நெருங்கி, காற்று உள்ளே நுழைய இடமில்லாமல் செய்கின்றன. பகலில் வெயில் அடிக்கும்போது உறிஞ்சிய வெப்பம் எளிதில் வெளியே போகாது. வெயிலும் அமைதியான காற்றும் சேர்ந்தால், திண்டுச் செடியின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றைவிட 20 டிகிரிகூட அதிகமாக இருக்கும். நாம் குளிர் தாங்காமல் நடுங்கிக்கொண்டு நிற்கையில், நம் காலடியில் இருக்கும் செடி நம் ஊர் மார்கழிப் பகலைப் போன்ற இதமான சூட்டில் இருக்கிறது! அரைக்கோள வடிவம் இதற்கு மேலும் உதவுகிறது. ஒரே கன அளவை மூடும் வடிவங்களில் கோளத்துக்குத்தான் பரப்பு குறைவு. பரப்பு குறைந்தால் வெப்ப இழப்பும் நீரிழப்பும் குறையும்.

இந்த வாழ்க்கைக்குக் கொடுக்கும் விலை, மிக மெதுவான வளர்ச்சி. சைலீன் அகாலிஸ் என்ற திண்டுச் செடிகளில் சில 300 ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை.

கம்பளியும் போர்வையும்

எடல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலர் பெயர் பெற்றது. பூவைச் சூழ்ந்த இலைகளெல்லாம் வெண்மையான மென்மயிரால் போர்த்தப்பட்டிருக்கும். இந்த மயிரைப் பெல்ஜியம் நாட்டு இயற்பியலாளர் ழான் போல் விக்னெரோனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2005இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மயிரும் மேலும் நுண்ணிய இழைகளால் ஆனது. ஓர் இழையின் குறுக்களவு சுமார் 0.18 மைக்ரோமீட்டர். இது புறஊதாக் கதிரின் அலைநீளத்துக்குச் சற்றேறக்குறையச் சமம். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளே சென்று ஒளிச்சேர்க்கைக்கு உதவ, தீமை செய்யும் புறஊதாக் கதிர் மயிரிலேயே தடுக்கப்படுகிறது.

இன்னொரு போர்வை வெண்பனி. பனி மூடினால் செடி செத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றே. அதன் வெப்பங்கடத்தும் திறன், கெட்டிப் பனிக்கட்டியின் திறனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளியே சுழிக்குக் கீழே 20 டிகிரி இருந்தாலும், ஆழமான பனிக்குக் கீழே தரை சுழி டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே செடி அசைவற்ற உறக்கத்தில் இருக்கிறது. உறைந்த நீர் ஓடாது. ஆகவே வேரும் இலைக்காம்பும் நனைந்து ஊறுவதில்லை. இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள். அழுகலின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

வசந்தம் வந்து பனி மெலியும்போது சோல்டனெல்லா என்ற செடி, பனியைத் துளைத்துக்கொண்டு ஊதா மணிகளைப் போன்ற பூக்களை நீட்டுகிறது. சில சென்டிமீட்டர் கனமுள்ள பனியை ஊடுருவும் சூரிய ஒளியை அதன் கருநிற மொட்டுகள் உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள பனியை உருக்கிவிடுகின்றன.

பகைவன் குளிரன்று, ஈரம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் தொடர்ந்து பனிப்போர்வை இருப்பதில்லை. மழை, சிறிது உறைபனி, மறுபடி மழை என்று மாறி மாறி வரும். தண்ணீர் உறையாமலே பல வாரங்கள் மண்ணில் தேங்குகிறது. மண்துளைகளை நீர் நிரப்பிவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஈரமான திண்டில் பூஞ்சணம் பிடிக்கும். செடி அழுகுவது இப்படித்தான்.

சரி, தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதே, அதிகப்படி நீர் வடிந்துவிடாதா? முழுவதும் வடியாது. இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டும் சோதனை இது. பாத்திரம் துலக்கும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, அகலப் பக்கம் கீழே இருக்குமாறு கிடைமட்டமாகத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். இப்போது, பிழியாமல், அதை மெல்லத் திருப்பிச் செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். என்ன ஆகிறது? நின்றுபோன தண்ணீர் மறுபடி ஒழுகுகிறது!

காரணம் நுண்புழை விளைவு. மெல்லிய குழாயில் நீர், பரப்பு இழுவிசையால் தானாகவே மேலேறி நிற்கிறது அல்லவா? குழாயின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் நீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும், 0.1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 15 செ.மீ. ஏறும். ஆரம் பத்தில் ஒன்றானால் உயரம் பத்து மடங்கு. பஞ்சிலும் மண்ணிலும் உள்ள துளைகள் இத்தகைய குழாய்களே. அடியில் வழி திறந்திருந்தாலும், இந்த உயரத்துக்கு நீர் வடியாமல் தங்கிவிடும். பஞ்சை நிமிர்த்தும்போது, தங்கும் உயரம் மாறுவதில்லை. அதன் அடிப்பரப்பு குறைகிறது. ஆகவே மொத்த நீர் குறைகிறது, மிச்சம் ஒழுகுகிறது.

இனி, 10 செ.மீ. உயரத் தொட்டி ஒன்றைக் கவனியுங்கள். அதில் 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளைகள் கொண்ட நுண்மண்ணை நிரப்பினால், 15 செ.மீ. வரை நீர் நிற்கக்கூடும் என்பதால் தொட்டி முழுவதும் சேறாகவே இருக்கும். பருமணலும் பொடிக்கல்லும் கலந்து துளைகளின் ஆரத்தை 0.5 மில்லிமீட்டர் ஆக்கினால், அடியில் 3 செ.மீ. மட்டுமே ஈரம் தேங்கும். மேலே 7 செ.மீ. காற்றோட்டமாக இருக்கும். மலைச்செடி வளர்ப்போர் மண்ணில் பாதிக்குமேல் பொடிக்கல்லைக் கலப்பதன் காரணம் இதுவே. செடியின் கழுத்தைச் சுற்றிக் கூழாங்கற்களைப் பரப்புவதும் அந்த இடத்தை உலர்வாக வைக்கத்தான். அழகு இரண்டாம் பட்சம்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். மண் கெட்டியாக இருந்தால் தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் போதும் என்று பலர் எண்ணுகிறோம். அது பயன்படாது. மேலே உள்ள நுண்மண் தன் நுண்புழைகளில் நீரைப் பிடித்துக்கொள்ளும். அகலமான துளைகள் கொண்ட சரளைக்குள் அதை எளிதில் விடாது. நீர் தேங்கும் அடுக்கு, அடியிலிருந்து சரளையின் மேல்மட்டத்துக்கு இடம் மாறுகிறது. வேருக்கு இன்னும் அருகில் சேறு வந்து சேர்கிறது! மாற்ற வேண்டியது மண்ணின் துளையை.

கல் எதற்கு?

பாறைத் தோட்டத்தில் கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேற்பரப்பு சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் விதி. சாய்வினால் மழைநீர் கல்லின் பின்புறமாக வேருக்குச் செல்கிறது. புதைப்பதன் பயன் வெப்பத்தைப் பொறுத்தது.

பகலில் வெயில் பட்டுக் கல் சூடாகிறது, இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையைப் போல் கல்லுக்குள் இறங்குகிறது. ஆழம் கூடக் கூடத் தேய்கிறது. சாதாரணப் பாறையில் சுமார் 16 செ.மீ. ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதாகவும், 50 செ.மீ. ஆழத்தில் இருபதில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். புதைந்த கல்லின் பக்கவாட்டில் இறங்கும் வேர், கோடையிலும் ஒரே சீரான குளிர்ச்சியில் இருக்கிறது. கல் ஆவியாதலைத் தடுப்பதால் அதன் அடியில் ஈரமும் நீடிக்கிறது. நீர் தேங்கவும் கூடாது, வற்றவும் கூடாது. இந்த இரண்டையும் கல் ஒருங்கே நிறைவேற்றுகிறது. செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் தட்டைக் கற்களைச் செங்குத்தாக நெருக்கி நட்டு, இடைவெடிப்புகளில் செடி வளர்க்கும் முறையைப் பரப்பினார்கள். நிமிர்த்திப் பிடித்த பஞ்சை நினைத்துப் பாருங்கள். அந்த முறை ஏன் வெற்றி பெற்றது என்பது விளங்கும்.

சுட்டமண் தொட்டியை மணற்படுகையில் புதைத்து வைப்பார்கள். தொட்டியின் சுவர் வழியே மணலிலிருந்து ஈரம் மெல்லக் கசிந்து வரும். செடியின் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஈர மணலிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 580 கலோரி உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்வதால் படுகை குளிர்ச்சியாக இருக்கும். நம் வீட்டு மண்பானையின் தத்துவந்தான்.

கியூ பூங்காவில் 2006இல் திறக்கப்பட்ட டேவிஸ் ஆல்ப்பைன் இல்லம் இதே சிந்தனையின் பெரிய வடிவம். மழை உள்ளே விழாத கண்ணாடி வீடு. உயரம் சுமார் 10 மீட்டர். சூடான காற்று மேலெழுந்து உச்சித் திறப்பு வழியே வெளியேறுகிறது. தரைக்கடியில் கான்கிரீட்டால் அமைத்த சுற்றுவழிகளில் குளிர்ந்த காற்று செடிகளின்மேல் செலுத்தப்படுகிறது. அறையைக் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமலே குளிர்ச்சி கிடைக்கிறது.

மலையிலேயே இடமில்லாமல் போனால்?

இதுவரை சொன்னது இன்பமான பொழுதுபோக்கின் கதை. இதற்கு வேறு பக்கமும் உண்டு. பாறைத் தோட்ட ஆசை பரவியபோது, இங்கிலாந்தின் வடபகுதியில் பனியாறுகள் செதுக்கி மழைநீர் அரித்து உருவான சுண்ணாம்புக்கல் தளங்களைப் பெயர்த்து விற்றார்கள். பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான தளத்தை மறுபடி உண்டாக்க முடியாது. அவற்றைக் காக்க 1981ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மலையிலிருந்து செடிகளை வேரோடு பிடுங்கி வந்த பழக்கத்தைக் கைவிட்டு, கழகங்கள் இன்று ஆண்டுதோறும் உறுப்பினர்களிடையே விதைகளைப் பரிமாறிக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து வெப்பநிலை உயர்வு. முன்பு சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்றால், 1 டிகிரி வெப்பம் கூடுவது ஏறத்தாழ 150 மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம். பழைய குளிரிலேயே வாழ விரும்பும் செடி 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். ஆல்ப்ஸ் பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் 2 டிகிரி சூடேறியிருக்கிறது.

ஐரோப்பாவின் 302 சிகரங்களில் 145 ஆண்டுக் காலத் தாவரப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கீழிருந்து புதிதாகச் சிகரங்களுக்கு ஏறிவரும் செடியினங்களின் வரவு, 1957–1966 காலத்தோடு ஒப்பிட 2007–2016 காலத்தில் ஐந்து மடங்காகியிருந்தது. சிகரங்களில் செடிவகை பெருகுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வருபவை பெரும்பாலும் உயரமாகவும் விரைவாகவும் வளர்பவை. முன்பே அங்கிருக்கும் சிறிய திண்டுகளுக்கு நிழலிடக்கூடியவை. அந்தத் திண்டுகள் எங்கே போகும்? மலையை ஒரு கூம்பாகக் கொண்டால், பாதி உயரத்துக்கு மேலே உள்ள பரப்பு மொத்தத்தில் கால் பங்குதான். ஏற ஏற இடம் சுருங்கும். உச்சியை அடைந்தபின் ஏறுவதற்கு வானந்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு ஆல்ப்ஸ் மலைக்கு மட்டும் உரியதன்று. நம் நீலகிரி உண்மையான ஆல்ப்பைன் உயரத்தை எட்டவில்லை. ஆயினும் அதன் புல்வெளிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. அங்கே செந்நிறப் பூப்பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்துக்கு நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்கின்றன. குளிர்ந்த ஒரு காலத்தின் எச்சமாக மேட்டில் தங்கிவிட்டவை இவை. நீலகிரியின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் அவற்றுக்கும் போக்கிடம் இல்லை.

கண்காட்சி மேசைமேல் இருக்கும் அந்த மஞ்சள் கிண்ணத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு தொட்டிக்குள் ஒரு சிகரத்தின் காற்று, ஈரம், குளிர் எல்லாவற்றையும் உண்டாக்கிக் கொடுக்க ஒருவர் பத்து ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார். ஒரே ஒரு செடிக்கு இவ்வளவு உழைப்பு! மலை அதை இலட்சக்கணக்கான செடிகளுக்கு, எவருடைய உதவியும் இல்லாமல் செய்து வந்திருக்கிறது. அது கெட்டுப்போனால் நம் தொட்டிகளைக் கொண்டு ஈடுகட்ட இயலாது.

அடுத்த முறை உதகைக்குப் போகும்போது புல்வெளியில் ஒரு நிமிடம் மண்டியிட்டு உட்காருங்கள். நின்றபோது முகத்தில் அறைந்த காற்று, தரையருகே எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று கையை வைத்துப் பாருங்கள். எல்லைப்படலம் என்ற பாடம் அதன்பின் மறக்காது. பஞ்சுச் சோதனைக்கோ உதகை வரை போக வேண்டியதில்லை, இன்றைக்கே செய்துவிடலாம்.